‘குழுவினர்’ என்னும் சொல்: தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கலைஞர்களின் ஒலிப்பதிவு நினைவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இசைக்குழுவோடு சேர்ந்து பாடல் பதிவுசெய்த அனுபவத்தைக் கலைஞர்கள் நினைவுகூரும் பேச்சுகள் தமிழில் பெரும்பாலும் இதழ் நேர்காணல்களாகவே நின்றுவிடுகின்றன. திறனாய்வுக்குரிய பனுவல்களாக அவை கொள்ளப்படுவது அரிது. 2017இல் சென்னையில் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவைச் சேர்ந்த இசைவாணி, அறிவு ஆகியோர் பொதுவெளியில் பகிர்ந்துள்ள நினைவுகளை இக்கட்டுரை பனுவலாகக் கொள்கிறது. இந்நினைவுகள் ராக் கலைஞரின் தன்வரலாற்று வடிவத்தைவிட மரண கானாவின் பெயர்சொல்லும் வடிவத்தையே ஒத்திருக்கின்றன என்பதும், கூட்டுப் படைப்பில் தனிப்பெயர் உரிமையாகவும் ஆபத்தாகவும் ஒருங்கே அமைகிறது என்பதும் இங்கு வாதிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கானா, பறை, ராக் இசைக்குழு, ஒலிப்பதிவு, நினைவுரை, இசைவாணி, அறிவு, மேலவளவு

முன்னுரை

மேலூர் வட்டாரத்துக் கோயில் திருவிழா அழைப்பிதழ்களில் ஒரு சொல் தவறாமல் இடம்பெறும். நையாண்டி மேளமாயினும் கரகாட்டமாயினும் இரவு இன்னிசைக் கச்சேரியாயினும், தலைமைக் கலைஞர் ஒருவரின் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகி, அதன் பின் ‘குழுவினர்’ என்று வரும். உறுமி வாசிப்பவர், தவில்காரர், பம்பைக்காரர், கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஆகிய அனைவரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். மேடையில் இதனால் பெரிய இழப்பு நேர்வதில்லை. கேட்போர் கண்முன்னே வாசிப்பவர் நிற்கிறார். ஊராரில் பலருக்கு அவரைத் தெரியும். பாராட்டுவோர் பணத்தை அவர் சட்டையிலேயே குத்திவிட்டுப் போகின்றனர். அதே இசை ஒலிப்பதிவாகும்போதுதான் சிக்கல் எழுகிறது. முகம் மறைந்து ஓசை மட்டும் எஞ்சுகின்ற நிலையில், ‘குழுவினர்’ என்ற சொல் ஒரு மனிதரின் உழைப்பை முற்றாக மூடிவிடக் கூடும்.

மூடப்பட்டதைத் திறக்கும் வழிகளுள் ஒன்று நினைவு. தாம் எவ்வாறு பாடினோம், யாரோடு வாசித்தோம், யார் அழைத்தனர் என்று கலைஞர் சொல்லும் சொற்கள் பல பதிவுகளுக்கு ஒரே ஆவணமாக அமைகின்றன. எனினும் தமிழிசை ஆய்விலும் நாட்டார் வழக்காற்று ஆய்விலும் பாடல் வரிகளுக்குத் தரப்படும் கவனம் இந்த நினைவுகளுக்குத் தரப்படுவதில்லை. கானா குறித்த ஆய்வுகளும் பெரும்பாலும் சொல்லாட்சி, பேச்சுவழக்கு, சமூகப் பின்னணி என்னும் மூன்று தலைப்புகளுக்குள் சுழல்கின்றன. பாட்டைப் பாடியவர் அதைப் பாடிய நாளை எவ்வாறு நினைவுகூர்கிறார் என்பது இலக்கியக் கேள்வியாகக் கருதப்படவில்லை. அக்கேள்வியை ஓர் இசைக்குழுவின் துணைகொண்டு எழுப்புவதே இக்கட்டுரையின் முயற்சி.

ஏணியாக நினைக்கப்படும் குழு

தமிழகத்தில் ராக் இசைக்குழு பற்றிய நினைவு எனும்போது முதலில் வருவது ஏ.ஆர். ரஹ்மானின் இளமைக்காலம். 1980களின் சென்னையில் ‘ரூட்ஸ்’, ‘நெமெசிஸ் அவென்யூ’ ஆகிய குழுக்களில் அவர் கீபோர்டு வாசித்தார். ‘ரூட்ஸ்’ குழுவில் அவரோடு சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலானோர் இருந்தனர். நஸ்ரீன் முன்னி கபீரின் உரையாடல் நூலும் (2011), கிருஷ்ணா திரிலோக் எழுதிய வாழ்க்கை வரலாறும் (2018) இக்காலத்தைத் தொட்டுச் செல்கின்றன. இவ்வகை நூல்களில் குழு என்பது ஒரு படி. திரையிசைக் கூடங்களில் பிறர் எழுதியதை வாசித்த இளைஞர் தமக்கென ஓர் ஓசையைத் தேடிய இடம் அது. 1992இல் ‘ரோஜா’ வெளிவந்ததும் அந்தப் படி கீழே தங்கிவிடுகிறது. உடன் வாசித்தோர் பின்னாளைய மேதையின் முன்கதையில் துணைப்பாத்திரங்களாகின்றனர். இதில் ரஹ்மானின் குறை ஒன்றுமில்லை. ஒலிநாடா உறைகளில் கருவிக்கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைத் திரையிசையில் பரவலாக்கியவர்களுள் அவரே முதன்மையானவர். குறை, வாழ்க்கை வரலாறு என்னும் வடிவத்தினுடையது. ஒருவர் உயர்ந்ததைச் சொல்லவந்த வடிவம் மற்றவர்களை ஏணிக்கால்களாக மாற்றாமல் நகர இயலாது.

இவ்வடிவம் எதைத் தவறவிடுகிறது என்பதற்கு 1994இல் வெளிவந்த ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ சான்றாகும். அதைப் பாடியோர் சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது, தேனி குஞ்சரம்மாள் ஆகிய மூவர். ராக் குழுவிலிருந்து வந்த ஒருவரும், அந்நாளில் மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த தேனிப் பக்கத்து நாட்டுப்புறப் பாடகி ஒருவரும் ஒரே பதிவில் சந்தித்தனர். தமிழ் மக்களிசையும் மேலைத் துள்ளிசையும் எதிர்ப்பட்ட தருணங்களுள் இது குறிப்பிடத்தக்கது. ஆயினும் அப்பாடலைப் பற்றிய பேச்சில் இயக்குநர், இசையமைப்பாளர், நடனக் கலைஞர் ஆகியோரே முன்நிற்கின்றனர். குஞ்சரம்மாளின் குரல் ஒரு ‘சுவை’யாக மட்டுமே நினைக்கப்படுகிறது. அக்குரலின் பக்கத்திலிருந்து அந்நாள் எவ்வாறிருந்தது என்று கேட்டால் கிடைக்கும் நினைவு ஏணியின் கதையாக இருக்காது.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்: தோற்றம்

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், முன்பு ‘குரங்கன்’ இசைக்குழுவில் இயங்கிய இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து 2017இல் இக்குழுவை உருவாக்கின. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) முன்வைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தாக்கத்திலிருந்து பெயர் பெறப்பட்டது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. கானா, ராப், ராக் ஆகிய மூன்றும் கலந்த இசை. கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றோடு பறை, சட்டி, கட்டை மேளம், டோலக் ஆகியவை ஒரே மேடையில் ஒலித்தன. 19 கலைஞர்களுள் ஒரே பெண் இசைவாணி. இந்த அளவுக்குச் செய்திகள் பரவலாக அறியப்பட்டவையே.

அதிகம் கவனிக்கப்படாதது குழுவின் பெயரிலேயே உள்ள முரண். ‘கலெக்டிவ்’ என்பது ‘குழுவினர்’ என்ற பழைய சொல்லின் மறுவடிவம்தான். அழைப்பிதழில் பெயரை மறைக்கும் அச்சொல் இங்கே கொள்கையாகிறது. ஒருவரின் பெயர் பிறர்மேல் ஏறி நிற்காது என்பது சாதியொழிப்பு நோக்குடைய ஒரு குழுவுக்கு இயல்பான நிலைப்பாடே. ஆனால் தலைமுறைகளாகப் பெயர் மறுக்கப்பட்ட கலைஞர்களிடம் ‘தனிப்பெயர் வேண்டாம்’ என்று சொல்வதும், பெயருக்குப் பழகிப்போன கலைஞர்களிடம் அதையே சொல்வதும் ஒன்றாகா. இக்குழுவினரின் நினைவுகளை இந்த முரணோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இசைவாணியின் நினைவு: கானாவின் வடிவில் ஒரு தன்வரலாறு

இசைவாணி வடசென்னையைச் சேர்ந்தவர். தாமாகவே கீபோர்டு கற்றுக்கொண்ட தந்தையோடு ஆறு வயதிலேயே மேடையேறிப் பாடத் தொடங்கியதாக அவர் கூறியுள்ளார். மெல்லிசை மேடைகளில் திரைப்பாடல்களைப் பாடியபின், ஆண்களின் வெளியாகவே கருதப்பட்டுவந்த கானாவுக்குள் நுழைந்தார். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் இணைந்தது அவ்வாழ்வின் திருப்பமாயிற்று. 2020ஆம் ஆண்டின் நூறு பெண்கள் பட்டியலில் பி.பி.சி. நிறுவனம் அவர் பெயரைச் சேர்த்தது.

இந்நினைவுகள் சொல்லப்படும் முறை ஆய்வுக்குரியது. ராக் கலைஞரின் நினைவுரைக்கு உலகெங்கும் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்ட ஓர் ஒழுங்கு உண்டு: முதல் கிட்டார், வீட்டாரின் எதிர்ப்பு, பயிற்சி நடந்த கொட்டகை, முதல் ஒலிப்பதிவு, பிளவு, தனிவழி. வீட்டை விட்டு வெளியேறுவதே அக்கதையின் இயக்குவிசை. இசைவாணியின் நினைவில் இத்திசை தலைகீழாகிறது. தந்தையின் கருவியிலிருந்து கதை தொடங்குகிறது. வீடு தடையாக அன்றி முதல் மேடையாக அமைகிறது. தடை வெளியிலிருந்து, பெண் கானா பாடுவதா என்று கேட்கும் மேடையிலிருந்தும் கேட்போரிடமிருந்தும் வருகிறது. குழு என்பது அவர் வீட்டிலிருந்து தப்பிச் சென்று சேர்ந்த இடமாக இல்லாமல் வீட்டில் தொடங்கிய ஒன்றுக்குக் கிடைத்த அகன்ற வெளியாகவே சொல்லப்படுகிறது. கூடத்தின் கருவிகளைக் காட்டிலும் மனிதர்களும் இடங்களுமே இந்நினைவில் முன்நிற்கின்றனர்.

இவ்வொழுங்கைத் தனிமனித அடக்கம் என்றோ குடும்பப் பாசம் என்றோ விளக்கிவிடுவது எளிது. ஆனால் கானாவின் உள்ளமைப்பை அறிந்தோர்க்கு இது வேறொன்றை நினைவூட்டும். மரண கானாவின் அடிப்படைச் செயல் பெயர்சொல்லுதல். இறந்தவரின் உடல் கிடத்தப்பட்ட வீட்டின் முன் இரவு முழுதும் பாடும் கானாப் பாடகர், இறந்தவரின் பெயர், பெற்றோர், வாழ்ந்த தெரு, செய்த தொழில், விட்டுச்சென்ற உறவுகள் ஆகியவற்றைப் பாட்டுக்குள் கொண்டுவருகிறார். தாளமின்றி நீட்டி இழுக்கும் தொடக்கப் பகுதியில் அழைப்பும், தாளம் சேர்ந்தபின் வாழ்க்கை விவரங்களும் வருவது பரவலான முறை. செய்தித்தாளில் நினைவஞ்சலி விளம்பரம் தர வசதியற்றோரின் மரணத்துக்கு அந்த ஓர் இரவுப் பாட்டே ஆவணம். பல பாடல்களில் பாடகர் தம் பெயரையும் பகுதியையும் சேர்த்துப் பாடுவதும் வழக்கம். பதிகங்களின் இறுதியில் அமையும் திருக்கடைக்காப்போடு இதனை ஒப்பிட இடமுண்டு. அவ்வொப்பீடு தனிக் கட்டுரைக்குரியது.

பெயர், பெற்றோர், இடம், தொழில், உறவு என்னும் இவ்வரிசைதான் கானாப் பாடகரின் தன்வரலாற்று நினைவிலும் செயல்படுகிறது. நினைவைச் சொல்லும் முறையைக் கலைஞர் தம் கலையிலிருந்தே எடுத்துக்கொள்கிறார். இதை உணராமல் நேர்காணலை அணுகும் இதழாளர், ‘ஒலிப்பதிவு அனுபவம் எப்படி இருந்தது’ என்று கேட்டு உணர்ச்சி வருணனையை எதிர்பார்க்கிறார். விடையாக உறவும் ஊரும் வரும்போது அதை முன்னுரை எனக் கருதிச் சுருக்கிவிடுகிறார். சுருக்கப்பட்ட அப்பகுதியே விடை. ஒரு நேர்காணலின் பதிப்பிப்பு, கானாவின் முதல் பகுதியை வெட்டி இரண்டாம் பகுதியை மட்டும் வெளியிடுவதற்கு ஒப்பாகிவிடுகிறது.

கூடத்துக்குள் பறையும் கானாவும்

ஒலிப்பதிவு என்பது வெறும் பதிவு அன்று. அது இசையின் வடிவத்தையும் மாற்றுகிறது. ராக் இசைப் பதிவில் டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் ஆகியவற்றைத் தனித்தனி டிராக்குகளாகப் பதிவுசெய்து பின்னர் சேர்ப்பது பெருவழக்கு. அதற்கு அனைவரும் ஒரே அளவான தாளத்தட்டை, கலைஞர் வழக்கில் ‘கிளிக்’கை, காதில் கேட்டபடி வாசிக்க வேண்டும். கானாவின் தொடக்க இழுப்போ எந்தத் தட்டுக்கும் கட்டுப்படாதது. பாடகர் மூச்சை எங்கே முடிக்கிறாரோ அங்கே தாளம் பிடித்துக்கொள்ளும். டோலக்காரரின் கண் பாடகரின் வாய்மீது இருக்கும். தனி அறையில் ஹெட்போன் அணிந்து, உடன் வாசிப்போரின் முகம் காணாமல் பாடும் நிலையில் இந்த உறவு அறுபடுகிறது. மேடையில் பாடகர் தாளத்தை அழைக்கிறார். கூடத்தில் தாளம் பாடகரை அழைக்கிறது.

பறையின் நிலை இன்னும் கடினம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்ட கன்றுத்தோலைத் தீயில் வாட்டினால்தான் ஓசை எழும். சூடு இறங்க இறங்க ஓசையும் மங்கும். குளிரூட்டப்பட்ட கூடத்துக்குள் வைக்கோல் கொளுத்த இயலாது. காலையில் எடுத்த டேக்கின் ஓசையும் மாலையில் எடுத்ததன் ஓசையும் ஒன்றாக இருப்பதில்லை. சிம்புக்குச்சியும் அடிக்குச்சியும் எழுப்பும் கூர்மையான முழக்கம் மைக்கின் அளவை எளிதில் மீறிவிடும் என்பதால் அதைத் தள்ளிவைத்துப் பதிவுசெய்யும் வழக்கமும் உண்டு. அவ்வாறு தள்ளிவைக்கப்பட்ட கருவி, பாடலைக் கேட்போர் காதிலும் பின்னால் நிற்கும். திரையிசையில் பறை நெடுங்காலம் சாவு, கலவரம், சாமியாட்டம் ஆகிய காட்சிகளின் பின்னணிக்கே உரியதாக இருந்ததற்குக் கதையமைப்பு மட்டுமே காரணமா, ஒலிப்பதிவுப் பழக்கமும் காரணமா என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

எனவே மிக்சிங் என்பது அரசியலும்தான். எந்த ஓசை முன்னே, எந்த ஓசை பின்னே என்னும் முடிவு கூடத்தில் எடுக்கப்படுகிறது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாடல்களைக் கேட்கும்போது, கிட்டார் பாட்டைத் தொடங்கிவைத்தபின் பறைக்கும் சட்டிக்கும் வழிவிடும் இடங்கள் அவற்றின் தனிச்சிறப்பாகப் படுகின்றன. கிட்டாருக்கு நாட்டுப்புற அலங்காரமாகப் பறையைச் சேர்க்கும் வழக்கமான கலப்பிசையில் இது நிகழ்வதில்லை. அதே வேளையில் குறையும் சுட்டத்தக்கதே. குழுவின் மேடை நிகழ்ச்சிகளில் கானாவின் இழுப்புக்குக் கிடைக்கும் இடம் பதிவுகளில் குறைந்துவிடுகிறது. பல பாடல்கள் நேராகத் தாளத்திலேயே தொடங்குகின்றன. ராக் பாடலின் கால அளவும் இணையத்தில் கேட்போரின் பொறுமையும் இதற்குக் காரணமாகலாம். கானா ராக்கை வளைத்த அளவு பெரிது. ராக் கானாவை வளைத்த அளவும் சிறிதன்று. ‘கலப்பு’ என்ற சமநிலைச் சொல் இந்த இழுபறியை மறைத்துவிடுகிறது.

இவ்விடத்தில் கடல் கடந்த ஒப்பீடு ஒன்று பொருந்தும். இலங்கைத் தமிழ்ப் பின்புலம் கொண்ட இலண்டன் கலைஞர் எம்.ஐ.ஏ. தம் ‘கலா’ (2007) தொகுப்புக்காகச் சென்னையில் உறுமி உள்ளிட்ட மேளங்களைப் பதிவுசெய்தார். அத்தொகுப்பு பெரும் பாராட்டைப் பெற்றது. ஆங்கில இதழ்களில் அந்தப் பதிவு, கலைஞர் தம் வேரைத் தேடிவந்த பயணமாகச் சொல்லப்பட்டது. அக்கதையில் மேளக்காரர்கள் வேரின் பகுதி. நினைவுக்கு உரியவர் வந்துபோனவரே. கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் வேறுபாடு, நினைவைச் சொல்லும் உரிமை வாசித்தவர்களிடமும் பாடியவர்களிடமும் இருப்பது.

அரசரடியும் மேலவளவும்

பறை, கூட்டுப்பாடல், ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் சாதியொழிப்போடு இணைத்த முயற்சி 2017இல் சென்னையில் திடீரெனத் தோன்றியதன்று. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்னும் பெயரில் அறியப்பட்டவர், நாட்டுப்புற இசையையே இறைவழிபாட்டின் மொழியாக்கினார். அவருடைய ‘கிராமிய இசை வழிபாடு’ ஒலிநாடாக்கள் வழியாகவும் பரவியது. அவரைப் பற்றி விரிவாக ஆராய்ந்த அமெரிக்க இசையியலாளர் சோயி ஷெரினியன் 2014இல் அவ்வாய்வை நூலாக்கினார். அப்பாவுவின் கொள்கையில் இங்கு முதன்மையானது ஒன்று: பாடல் பாடுவோர் கையில் மாறத்தக்கதாக இருக்க வேண்டும். எளியோர் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பாட முடியாத இசை அவர்களை விடுவிக்காது என்று அவர் கருதினார்.

இக்கொள்கையின்படி ஒலிநாடா பாடலின் இறுதி வடிவம் அன்று. ஊருக்குக் கொடுத்தனுப்பும் விதை. கேட்டுக் கற்று மாற்றிக்கொள்வதே நோக்கம். எனவே அங்கே பெயர் பெரிதாகப் பொருட்படுத்தப்படவில்லை. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் தோன்றிய காலத்திலோ ஒரு பதிவு இணையத்தில் ஏறிய கணமே உரிமைப்பொருளாகிவிடுகிறது. கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் எண்ணப்படுகிறது. ஒலிநாடாக் காலத்துப் பெயரின்மை பகிர்தலாக இருந்தது. இணையக் காலத்தில் அதே பெயரின்மை இழப்பாக மாறக்கூடும். இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் ‘தலித் இசை’ என்று ஒரே தலைப்பில் வைத்துப் பேசுவது போதாது.

மதுரைச் சமவெளிக்கு இன்னொரு காரணத்தாலும் இவ்விவாதத்தில் இடமுண்டு. மேலூர் அருகிலுள்ள மேலவளவில், தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் மேலும் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே நினைவேந்தல் நடைபெறுகிறது. தலித் இயக்கங்கள் சாவுக்குப் பறையடிக்கும் கட்டாயத்தை மறுத்ததும், அதே பறையை மேடையில் விடுதலைக் கருவியாக மீட்டெடுத்ததும் அக்காலகட்டத்தில் கூர்மைபெற்ற இரு போக்குகள். இவ்வட்டாரத்தில் பறை ஒலிக்கும்போது முதலில் எழும் கேள்வி அது கிட்டாரோடு இசைகிறதா என்பதன்று. யார் அழைத்து யார் அடிக்கிறார், மறுக்கும் உரிமை அவருக்கு உண்டா என்பதே. தம் பெயர் சொல்லப்பட்டு, தம் விருப்பத்தால் வாசித்ததாக ஒருவர் நினைவுகூர முடிவதன் அருமை இப்பின்னணியில்தான் விளங்கும். கொல்லப்பட்டோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் நினைவேந்தல் மேடையும் மரண கானாவும் அடிப்படையில் ஒரே செயலைச் செய்கின்றன.

நினைவு சாட்சியாகும்போது

குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான அறிவு 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் தீயுடன் அவர் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த ‘என்ஜாய் என்ஜாமி’ உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அப்பாடல் பிறந்ததாக அவர் கூறினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாதது கண்டனத்துக்கு உள்ளானது. பின்னர் அவருக்கெனத் தனி இணைய அட்டை வெளியிடப்பட்டது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றிப் பாடல் நிகழ்த்தப்பட்டபின், பாடலின் உருவாக்கத்தில் தம் பங்கை விளக்கி அறிவு பொது அறிக்கை வெளியிட்டார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தத்தம் நினைவின்படி மறுவிளக்கம் அளித்தனர்.

யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிப்பது திறனாய்வின் வேலையன்று. மூன்று அறிக்கைகளும் ஒரே ஒலிப்பதிவைப் பற்றிய மூன்று நினைவுரைகள் என்பதே கருதத்தக்கது. இசையமைப்பாளரின் நினைவு ஒப்பந்தம், பங்கீடு, உருவாக்கப் படிநிலை ஆகியவற்றின் வரிசையில் செல்கிறது. அறிவின் நினைவோ உழைத்த நாள்களோடு முன்னோரையும் மண்ணையும் சேர்த்துக்கொள்கிறது. கூட்டு உருவாக்கம் பற்றிய வழக்கில் பாட்டி எதற்கு என்று சிலர் அப்போது வியந்தனர். மரண கானாவின் வடிவத்தை மனத்திற்கொண்டால் வியப்புக்கு இடமில்லை. அந்த வடிவத்தில் பெயர்சொல்லுதல் தொடங்குவதே முன்னோரிடமிருந்துதான். எனினும் உரிமை குறித்த சட்டமொழிக்கு அவ்வடிவம் புரிவதில்லை. பாட்டியின் பெயர் எந்த ஒப்பந்தத்தின் பத்தியிலும் அடங்காது.

பெயரைப் பெறுவது முடிவான தீர்வு என்று இதுவரை சொன்னவற்றிலிருந்து தோன்றலாம். 2024 நவம்பரில் நிகழ்ந்தது அவ்வெண்ணத்தைத் தடுக்கிறது. பெண்களின் கோயில் நுழைவு உரிமையைப் பேசும் ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ 2018இல் குழுவின் பாடலாக வெளிவந்தது. ஆறாண்டுகள் கழித்து அதன் ஒரு பகுதி தனியே பரவி, பக்தர்களைப் புண்படுத்துவதாகப் புகார்கள் எழுந்தன. வசையும் மிரட்டலும் இசைவாணியின் மேல் குவிந்தன. பாடலின் பொருள் சமத்துவமே என்று நீலம் பண்பாட்டு மையம் விளக்கமளித்தது. பலர் கூடிச் செய்த பாடலுக்கு அன்று ஒரு முகமே இருந்தது. பதிவில் குரல் முன்னே நிற்பதால் தாக்குதலின்போதும் குரலுக்குரியவரே முன்னே நிறுத்தப்பட்டார். அதுவும் ஒரு பெண். பாராட்டுக் காலத்தில் 19 பேருள் ஒரே பெண் என்று அவரைத் தனித்துக் காட்டிய அதே வெளிச்சம்தான் இங்கும் பாய்ந்தது. ‘குழுவினர்’ என்ற சொல்லுக்கு மறைக்கும் குணத்தோடு காக்கும் குணமும் உண்டு என்பதை அந்நாள்கள் காட்டின.

ஆகவே 2018ஆம் ஆண்டுப் பதிவைப் பற்றி 2019இல் சொல்லப்பட்ட நினைவையும் 2024க்குப் பின் சொல்லப்படும் நினைவையும் ஒரே தன்மையுடையனவாகக் கொள்ள முடியாது. முன்னதில் பெயர் ஒரு வெற்றி. பின்னதில் அப்பெயரைச் சுமப்பதன் எடையும் சேர்ந்துவிடுகிறது. கானாக் கலைஞர்களின் நினைவுகளைத் தொகுக்க முற்படும் ஆய்வாளர் நேர்காணலின் நாளைக் குறிப்பது அடிக்குறிப்பு ஒழுங்குக்காக மட்டுமன்று. எப்போது சொன்னார், யார் முன்னிலையில் சொன்னார், எப்பெயரைச் சொல்லாமல் விட்டார் என்பவை பனுவலின் பகுதிகளே. மேலூர்ப் பக்கத்து அழைப்பிதழில் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் நிற்கும் உறுமிக்காரரிடம், அவர் வாசித்த பதிவில் அவர் பெயர் அச்சாக வேண்டுமா என்று கேட்டால், ‘ஆம்’ என்பதே விடையாக இருக்கும் என்று களத்துக்குப் போகும் முன்பே முடிவுசெய்துவிட இயலாது.